கதவோரத்து மஞ்சள் ஸ்டிக்கர்

ஸ்லேட் முனை தீக்காவல் கோபுரம், ஐடஹோ
ஜூன் 15, 2008

அன்புள்ள அப்பாவுக்கு,

அன்று வண்டிக் கடையில் நான் சொல்லாமல் விட்டது இதுதான்: அந்த பிக்கப் நம் டிரெய்லரைத் தாங்காது.

நீங்கள் பணம் கட்டுவதற்கு முன்பே எனக்குத் தெரியும். நீங்கள் அந்த விற்பனையாளரை முன்பக்கம் கூட்டிப் போய் என்ஜினைக் காட்டச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். ஓட்டுநர் பக்கக் கதவு திறந்து கிடந்தது. கதவு வந்து பொருந்தும் தூணில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் இருந்தது. ஆட்களும் சாமான்களும் சேர்ந்து 1,190 பவுண்டைத் தாண்டவே கூடாது என்று அதில் போட்டிருந்தது. இரண்டு தரம் படித்தேன். வாயைத் திறக்கத்தான் போனேன். அப்போது அம்மாவைப் பார்த்தேன்.

அதற்கு முன்னால் அந்த விற்பனையாளர் நம்மை ஒரு டன் கனவண்டி ஒன்றில் ஏற்றி ரயில் தண்டவாளத்தைத் தாண்டிக் காட்டினாரே, அப்போது அம்மாவுக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருந்தேன். கதவுக்கு மேலிருந்த கைப்பிடியை அவள் பற்றிய விதத்தைப் பார்த்தேன். விரல் முட்டியெல்லாம் வெளுத்துவிட்டது. இறங்கியதும் “ரொம்ப நல்ல வண்டி” என்றாள். முதுகெலும்பில் கட்டி இருக்கிற ஒருத்தி அந்த வார்த்தையைச் சொல்ல எவ்வளவு சிரமப்பட்டிருப்பாள்!

பிறகு இந்த வண்டி. இருக்கையைக் கொஞ்சம் சாய்த்துவிட்டு அம்மா கண்ணை மூடினாள். பிப்ரவரியிலிருந்து புருவங்களுக்கு நடுவே நின்றிருந்த அந்தக் கோடு போய்விட்டது. “வெர்லின், இதுல ஒக்காந்து அலாஸ்கா வரைக்கும் வருவேன்” என்றாள். நான் சுற்றி வந்து, அந்தக் கதவைச் சாத்தினேன். ஸ்டிக்கர் உள்ளே போய்விட்டது. அதைத்தான் அன்று நான் செய்தேன்.

இந்த வண்டி இழுக்கும் என்று அந்த ஆள் சொன்ன பத்தாயிரத்து ஐந்நூறு பவுண்டு பொய்யில்லை. ஆனால் அது ஓட்டுநரைத் தவிர யாரும் ஏறாத, எந்தச் சொகுசும் சேர்க்காத வண்டிக்குச் சொல்கிற எடை. நம் வண்டியில் பின்வரிசை இருக்கிறது, தோலுறை இருக்கிறது, இருக்கையைச் சூடாக்கும் கம்பியும் கண்ணாடிக் கூரையும் இருக்கின்றன. ஒவ்வொரு சொகுசும் வண்டி சுமக்கக்கூடியதில் கொஞ்சத்தைத் தின்றுவிடுகிறது. கட்டிலும் அடுப்பும் உள்ள அந்த டிரெய்லரை வண்டி இழுக்க மட்டும் செய்வதில்லை, கொக்கியில் வந்து அழுத்தும் அதன் மூக்கைச் சுமக்கவும் வேண்டும். அந்த மூக்கு மட்டுமே எண்ணூற்றைம்பது வரும். அதோடு நீங்கள், அம்மா, கொக்கி, பின்தட்டில் போடும் சாமான். நான் எப்படிக் கூட்டினாலும் இருநூற்றைம்பதுக்கு மேல் அதிகம்தான்.

இங்கே சுவரில் ஒரு வரைபடம் இருக்கிறது. அம்மாவின் சிகிச்சைக்கு நீங்கள் போகும் வழியில், லாஸ்ட் ட்ரெயில் கணவாய்க்கு அப்பால் மொன்டானா பக்கம் இறங்கும் சாலையின் வளைவுகளை தினமும் விரலால் தொட்டுப் பார்க்கிறேன். நாள் முழுக்க நாலு பக்கமும் கண்ணாடி வைத்த கூண்டுக்குள் உட்கார்ந்து புகையைத் தேடுகிற வேலை. வேறு எதையும் நினைக்காமல் இருக்க இதைவிட மோசமான வேலை இருக்க முடியாது.

மூக்கின் எடையைக் குறையுங்கள், அப்பா. இல்லாவிட்டால் வேறு வண்டி பாருங்கள். அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

மேரன்


சால்மன்
ஜூலை 2

மேரனுக்கு,

உன் கடிதம் வந்தது. தபால் சுமக்கும் டெல்பர்ட்டின் கோவேறு கழுதை ஒன்று அதன்மேல் நின்றிருக்கிறது போல. குளம்படியோடு வந்து சேர்ந்தது.

நாற்பது வருஷமாக வைக்கோல் இழுக்கிறேன். புத்தகம் படிக்கிற பெண் எனக்கு டிரெய்லர் மாட்டச் சொல்லித் தருகிறாள். இருக்கட்டும். படிக்கட்டும் என்று உன் அம்மா சொன்னதைக் கேட்டு உன்னைக் கல்லூரிக்கு அனுப்பியதே நான்தானே.

ஆனாலும் நீ சொன்னதில் ஒரு பாதி சரி. போன ஞாயிற்றுக்கிழமை டிரெய்லரை மாட்டி, ஆறு வாரத்துக்கான சாமான் எல்லாம் ஏற்றி, வேலி வரை ஓட்டிப் பார்த்தேன். பின்பக்கம் பொதுக்கென்று உட்கார்ந்துவிட்டது. பக்கத்துப் பண்ணை ட்வைலா வேலியில் சாய்ந்து நின்று, “யோவ் வெர்லின், ஒன் வண்டி என்ன வானத்தைப் பாத்து ஊளையிடுதா?” என்றாள். ஆறு வாரம் எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள். பிட்டர்ரூட் ஆற்றில் மீன் பிடிக்க என்றேன். “நீயா? ஒனக்கு மீனைக் கண்டாலே கொமட்டுமேய்யா” என்றாள். உன் அம்மாவின் நோய் நம் மூன்று பேருக்குள் இருக்கட்டும் என்பது அவள் கேட்டுக்கொண்டது. ஊரே சாப்பாட்டுச் சட்டியும் பானையுமாக வாசலில் வந்து நிற்பதை அவளால் தாங்க முடியாது.

நீ எழுதியபடி மூக்கைக் குறைத்துவிட்டேன். ஜெனரேட்டர், தண்ணீர்க் கேன்கள், பேட்டரி, இரும்புச் சட்டிகள், என் கருவிப் பெட்டி எல்லாவற்றையும் டிரெய்லரின் கடைசிக்குக் கொண்டுபோய், பின் பம்பருக்கு மேல் ஒரு தட்டு அடித்து அங்கே கட்டிவிட்டேன். இப்போது மூக்கை ஜாக்கி இல்லாமல் தோளைக் கொடுத்தே தூக்கிவிடலாம். வண்டி தரைப்பலகை மாதிரி மட்டமாக நிற்கிறது. உன் மஞ்சள் ஸ்டிக்கருக்கு ஏக சந்தோஷம்.

உன் அம்மாவின் மெத்தையை அறுத்து டிரெய்லர் கட்டிலுக்குள் பொருத்தினேன். அந்நியக் கட்டிலில் அவளுக்குத் தூக்கம் வராது. 14ஆம் தேதி திங்கட்கிழமை காலை மிஸூலாவில் முதல் கதிர் சிகிச்சை. 13 ஞாயிறு விடிந்ததும் கிளம்புகிறோம்.

அம்மா உன்னைக் கேட்டதாகச் சொன்னாள். வண்டியில் உட்கார்ந்தபடிதான் சொன்னாள். சும்மா நிற்கும் வண்டியில் போய் உட்கார்ந்துகொள்கிறாள்.

அப்பா


ஸ்லேட் முனை
ஜூலை 10, வியாழன், மாலை

அப்பா,

இந்தக் கடிதம் ஞாயிற்றுக்கிழமைக்குள் உங்களுக்கு வராது. தெரிந்தேதான் எழுதுகிறேன். எழுதாவிட்டால் இந்தக் கூண்டுக்குள் நடந்துகொண்டே இருப்பேன். ஒரு சுவருக்கும் இன்னொரு சுவருக்கும் ஐந்து எட்டுதான்.

டெல்பர்ட் இன்று மதியம் ஒன்பது கழுதைகளோடு ஏறி வந்தார். அரிசி, பேட்டரி, தபால். உங்கள் கடிதத்தைப் படித்து எனக்குச் சிரிப்பு வந்தது. நான் சொன்னதைக் கேட்டீர்களே என்ற நிம்மதியில் வந்த சிரிப்பு. ட்வைலா சொன்னதையும், நீங்கள் சாமானைப் பின்னால் கட்டியதையும் அவருக்குப் படித்துக் காட்டினேன். அம்மாவைப் பற்றிய இடத்தை விட்டுவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“அந்தப் பின்னால கட்டின எடத்த இன்னொருவாட்டி படி” என்றார்.

படித்தேன்.

“எத்தினி வருஷமா இழுக்கிறான் ஒங்கப்பன்?”

“நாப்பது.”

“வைக்கோலா?”

“ஆமா.”

“வைக்கோல் வண்டி வயலுக்குள்ள நடக்குற வேகத்துல போகும். அதான் இத்தினி நாளும் ஒண்ணும் ஆவல.”

என் துடைப்பத்தை எடுத்தார். கைப்பிடி நுனியை விரலில் பிடித்து மேசைமேல் கிடத்தி, என் காபிக் கெட்டிலை முதலில் தன் விரல் பக்கமாக மாட்டி, இடமும் வலமும் இழுத்தார். துடைப்பம் சொன்னபடி கேட்டது. பிறகு கெட்டிலைக் கடைசி நுனிக்கு நகர்த்தி, மெல்ல ஒரு தட்டுத் தட்டினார். துடைப்பம் அவர் விரலையும் இழுத்துக்கொண்டு மேசையைத் தாண்டிப் போனது. கெட்டில் கீழே விழுந்து நசுங்கிவிட்டது.

“கழுதைக்கு இடுப்புக்குப் பின்னால பாரம் ஏத்துனா அது ஒதச்சுச் சொல்லும். டிரெய்லர் சொல்லாது. வேகம் எடுக்கற வரைக்கும் சாதுவா வரும். எறக்கத்துல ஆட ஆரம்பிக்கும், நாய் வாலாட்டற மாதிரி. அப்புறம் வால் நாயத் தூக்கிப் போட்டுடும்.”

அந்தக் கணவாயில் அப்படி ஒன்றைத் தான் பார்த்ததாகச் சொன்னார். என்ன பார்த்தார் என்று சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

நீங்கள் அதைச் செய்தது நான் எழுதியதால். எடை அதிகம் என்று எழுதினேன். எங்கே வைக்க வேண்டும் என்று எழுதவில்லை. எனக்கே அது தெரியாது. பாதி தெரிந்துகொண்டு பேசிவிட்டேன்.

கீழே போய் உங்களுக்குப் போன் பண்ண முடியுமா என்று டெல்பர்ட்டிடம் கேட்டேன். இன்னும் இரண்டு கோபுரங்களுக்குப் போய்விட்டு, சாலைக்கு இறங்க அவருக்குச் செவ்வாய் ஆகிவிடும்.

“ஒங்கிட்டதான் ரேடியோ இருக்கே” என்றார்.

“அது தீக்கு மட்டும்.”

அவர் கயிற்றை இறுக்கிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார். “அப்ப இத என்னன்னு நெனச்சே?”

ஜூலை 11, வெள்ளி

காலை எட்டு மணிக்கு எல்லாக் கோபுரங்களும் வரிசையாகப் பேச வேண்டும். என் முறை வந்தது. “ஸ்லேட் முனை, தெளிவாக இருக்கிறது, புகை இல்லை” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

சாலையோரப் பண்ணைகளில் முக்கால்வாசிச் சமையலறைகளில் ஸ்கேனர் பெட்டி இருக்கிறது. ஆட்கள் முட்டை பொரித்துக்கொண்டே எங்கள் பேச்சைக் கேட்கிறார்கள். காரணம் சொல்லாமல் “வெர்லினை நிறுத்துங்கள்” என்றால் நீங்கள் நிற்க மாட்டீர்கள். காரணம் சொன்னால் அம்மாவுக்குக் கொடுத்த வாக்கை அந்தச் சமையலறைகள் எல்லாவற்றிலும் உடைப்பேன். நாளைக்குச் சொல்கிறேன்.

ஜூலை 12, சனி

மதியத்துக்கு முன்பே மேற்கிலிருந்து இடி. இடி விழும்போது கண்ணாடிக் கால் வைத்த முக்காலியில் ஏறி நிற்க வேண்டும், ரேடியோவைத் தொடக் கூடாது. இரண்டு மணி நேரம் நின்றேன். கூண்டைச் சுற்றி இடிதாங்கிக் கம்பிகள் சீறின. மயிர்க்கால் எல்லாம் எழுந்து நின்றது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அந்த விதி எனக்கு வசதியாக இருந்தது. பிறகு வானம் தெளிந்தது. நான் ஐந்து புகைகளை அறிவித்தேன். ஐந்து முறை பேசும் பொத்தானை அழுத்தியிருக்கிறேன். ஐந்து முறையும் புகையைப் பற்றி மட்டுமே பேசினேன்.

ஜூலை 13, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

எட்டு மணி. கட்டுப்பாட்டு அறையில் பெவர்லி. “ஸ்லேட் முனை, சொல்லும்மா” என்றாள். நான் புகையைச் சொன்னேன். அப்புறம் பொத்தானை விடவில்லை.

“பெவர்லி, இது தீ பத்தி இல்ல. எங்கப்பா வெர்லின் இன்னைக்கு லாஸ்ட் ட்ரெயில் தாண்டி டிரெய்லர் இழுத்துட்டுப் போறார். பாரம் முழுக்கப் பின்னால இருக்கு. இறக்கத்துல அது ஆடும். அவரை யாராவது நிறுத்தணும்.”

“மறுபடி சொல்லு, ஸ்லேட் முனை.”

“எங்கம்மாவுக்குப் புற்றுநோய். முதுகெலும்புல. நாளைக்கு மிஸூலாவுல சிகிச்சை. அம்மா அந்த வண்டியில இருக்காங்க. தயவுசெஞ்சு.”

கரகரவென்று சத்தம் மட்டும். பிறகு பெவர்லி, வேறு யாருடைய குரலோ போல, “கேட்டேன், கண்ணு. லைன்லயே இரு” என்றாள்.

எட்டு ஏழுக்கு: வீட்டில் போன் அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லை.

எட்டு பத்துக்கு: ஷெரீப் அலுவலகத்தில் இருக்கிற ஒரே ஆள் எதிர்த்திசையில், லெம்ஹை பக்கம் போயிருக்கிறார்.

அதன்பிறகு பெவர்லி நேற்றைய தீக்களுக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருக்கிறாள். நான் குறுக்கே பேசக் கூடாது. இங்கிருந்து பார்த்தால் எழுபது மைல் தெரிகிறது. மலைகள், எரிந்த சரிவுகள், ஆற்றுப் பள்ளத்தின் நீலம் எல்லாம் தெரிகிறது. சாலை மட்டும் எங்கும் தெரியவில்லை. தொலைநோக்கியை அந்தத் திசையில் வைத்து ஒன்றரை மணி நேரமாக நிற்கிறேன். எதைத் தேடுகிறேன் என்று எனக்குத் தெரியும். அந்தத் திசையில் கரும்புகை எழக் கூடாது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒன்பது நாற்பது. ரேடியோவில் என் பெயரைக் கூப்பிடுகிறார்கள்.


மிஸூலா
ஜூலை 16

மேரனுக்கு,

“நின்றுவிட்டார்கள்” என்று பெவர்லி உனக்குச் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அவள் சிக்கனமான பொம்பளை. மிச்சத்தை நான் எழுதுகிறேன்.

விடியும் முன்பே கிளம்பிவிட்டோம். நார்த் ஃபோர்க் வரை நன்றாகத்தான் வந்தது. ஆற்றோரம் நேர்ச்சாலையில் ஐம்பத்தைந்தைத் தொட்டதும் இருக்கைக்கு அடியில் யாரோ மெதுவாகத் தொட்டில் ஆட்டுகிற மாதிரி இருந்தது. வேகத்தைக் குறைத்தேன். நின்றது. காற்று என்று சொல்லிக்கொண்டேன். மரத்தில் ஒரு இலைகூட அசையவில்லை.

கிப்பன்ஸ்வில் தாண்டி எதிரே ஒரு மரலாரி வந்தது. அது எங்களைக் கடந்து காற்றால் அறைந்த நொடியில் கண்ணாடியில் டிரெய்லரைப் பார்த்தேன். இடது கண்ணாடியில் முழுசாகத் தெரிந்தது. அடுத்த நொடி வலது கண்ணாடியில் முழுசாகத் தெரிந்தது. மேரன், பின்னால் வருகிற டிரெய்லரின் பக்கவாட்டுச் சுவரை ஓட்டுகிறவன் பார்க்கவே கூடாது. ஸ்டியரிங் என் கையில் இல்லை. வண்டியை அதுதான் ஓட்டியது. டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் இழுக்கிற அந்தச் சின்ன நெம்புகோலை இழுத்தேன். மூன்றாவது ஆட்டத்தில் நேரானது. ஏற்றமாக இருந்ததால் பிழைத்தோம். உன் அம்மா கத்தவில்லை. என் தொடைமேல் கையை வைத்தாள், அவ்வளவுதான்.

அதன்பின் இருபது மைல் வேகத்தில் கணவாய் உச்சிக்கு ஏறி, அங்கே இருக்கும் ஓய்விடத்தில் நிறுத்தினேன். என்ஜினை அணைத்தேன். எனக்கு முன்னால் இறக்கம். திருப்பி வந்த வழியே போகலாம் என்றால் அந்தப் பக்கமும் இறக்கம். சாமானை முன்னால் மாற்றினால் வண்டி உட்கார்ந்துவிடும், மாற்றாவிட்டால் வால் ஆடும். கை நடுங்கியது. அவள் பார்க்கக் கூடாது என்று தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அப்படியே ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தோம். போனில் சிக்னல் இல்லை. வந்த இரண்டு கார்களும் நிற்கவில்லை. நானும் கையைக் காட்டவில்லை.

அப்புறம் உன் அம்மா பேசினாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

“கிளம்பும்போதே தெரியும் வெர்லின். மூக்குல முந்நூறு பவுண்டுகூட இருக்காது, அது பத்தாது.”

மாட்டுச் சந்தைத் தராசில் இருபத்திரண்டு வருஷம் நின்றவள். ஒரு காளை நடந்து வருவதைப் பார்த்தே எடை சொல்கிறவள். அவள் டிரெய்லரைச் சுற்றி ஒரு நடை நடந்தபோதே எடை போட்டிருக்கிறாள்.

“அப்ப ஏன் சொல்லலே?”

“சொன்னா நீ தூக்கித் தூக்கிப் போட்ட அந்த ஒரு டன் வண்டியப் போய் வாங்கிட்டு வந்துருவே.”

நான் முன்கண்ணாடி வழியே இறக்கத்தைப் பார்த்தேன்.

“ஒனக்கும் தெரியும்ல?” என்றாள்.

தெரியும். இதை நீயும் தெரிந்துகொள். அந்த மஞ்சள் ஸ்டிக்கரை உனக்கு முன்னால் நான் பார்த்தேன். அந்த விற்பனைக்காரப் பையன், “சார், டிரெய்லர் என்ன எடை வரும்?” என்று கேட்க ஆரம்பித்தான். நல்ல பையன். உன் அம்மா காதுபட அவன் வாயைத் திறந்துவிடப் போகிறானே என்றுதான் அவனை முன்பக்கம் இழுத்துப் போய் என்ஜினைக் காட்டச் சொன்னேன். திரும்பி வந்தபோது நீ கதவைச் சாத்திவிட்டிருந்தாய். நல்லவேளை, மேரன் பார்க்கவில்லை என்று நினைத்தேன்.

மூன்று பேரும் பார்த்தோம். மூன்று பேரும் ஒரு இருக்கைக்காக வாயை மூடிக்கொண்டோம்.

“பயமா இருக்கா?” என்று அவளிடம் கேட்டேன். முப்பத்தொரு வருஷத்தில் நான் அவளிடம் கேட்டிராத கேள்வி.

“மார்ச்லேர்ந்தே இருக்கு” என்றாள். “ஒனக்கு?”

தொடைக்கு அடியிலிருந்து கையை எடுத்துக் காட்டினேன்.

அப்போதுதான் ட்வைலாவின் பழைய ஆறு சக்கர வண்டி, மாட்டுச் சாணி அப்பிய டயரோடு, உறுமிக்கொண்டு மேலே வந்தது. வீட்டுச் செருப்பு, தலையில் சுருட்டைக் குழல்கள். ஸ்கேனரில் நீ பேசியதைக் கேட்டு அடுப்பைக்கூட அணைக்காமல் வந்திருக்கிறாள். எங்களைப் பார்த்துவிட்டதாகத் தன் வண்டி ரேடியோவில் பெவர்லிக்குச் சொல்லிவிட்டு, இறங்கியதும் கத்தினாள்: “யோவ் வெர்லின்! மீன் புடிக்கப் போற மூஞ்சியாய்யா இது?”

நேராக உன் அம்மா ஜன்னலுக்குப் போனாள். “லவோன், எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொன்னா ஒன் டூனா நூடுல்ஸைக் கொண்டாந்துருவியே” என்றாள் உன் அம்மா. “அதுக்குப் பயந்துதான்.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு இரண்டு பேரும் சிரிக்கவில்லை. நான் போய்க் கட்டை அவிழ்த்தேன்.

சாமானை எல்லாம் அச்சுக்கு முன்னால் மாற்றி, டிரெய்லரை ட்வைலாவின் வண்டியில் மாட்டினோம். அது பலகைமேல் உட்கார்ந்து போகிற மாதிரி வண்டி. அவளுக்கு அது பழகிவிட்டது. அவள் முன்னால் போனாள். உன் அம்மாவும் நானும் பின்னால், எதையும் இழுக்காமல். பதினோரு மணிக்குக் கணவாயிலிருந்து இறங்க ஆரம்பித்தோம். இரண்டாவது வளைவிலேயே அவள் தூங்கிவிட்டாள்.

இப்போது மாவட்டம் முழுக்கத் தெரியும். நேற்று பதினாலு பேர் வந்து என் வைக்கோலை அறுத்துக் கட்டியிருக்கிறார்கள். நான் யாரையும் கூப்பிடவில்லை. வீட்டுக் குளிர்பெட்டியில் மூடி போட்ட பாத்திரங்களுக்கு இடமில்லையாம். நீ செய்த வேலை.

நேற்று மலையிலிருந்து இறங்கிய டெல்பர்ட், துடைப்பத்தையும் நசுங்கிய கெட்டிலையும் பற்றிப் பெவர்லியிடம் சொன்னாராம்; அவருக்கு ஒரு புதுக் கெட்டில் வாங்கித் தருகிறேன் என்று அவளிடம் போனில் சொன்னேன். கெட்டில் உன்னுடையதாம். சரி, உனக்கே வாங்குகிறேன்.

அப்பா


ஸ்லேட் முனை
ஜூலை 30

அப்பா,

கெட்டில் வந்தது. நன்றி.

10ஆம் தேதியிலிருந்து 13 வரை எழுதிய கடிதத்தை இதோடு அனுப்புகிறேன். தபாலில் சேர்க்காமல் வைத்திருந்தேன். நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு, அதையும் நீங்கள் படிக்கலாம் என்று தோன்றியது. அதில் வெள்ளிக்கிழமையையும் சனிக்கிழமையையும் பாருங்கள். அந்த இரண்டு நாட்களில் நான் பேசியிருந்தால் நீங்கள் அந்த மரலாரியைச் சந்தித்திருக்க மாட்டீர்கள். உங்கள் கண்ணாடியில் தெரிந்தது எனக்கு இப்போதும் பகலில் வந்துபோகிறது. இடது கண்ணாடி. வலது கண்ணாடி.

ஒவ்வொரு நாளும் காலை எட்டு மணிக்கு என் முறை வரும்போது, யார் யாரோ “அம்மா எப்படி இருக்காங்க, ஸ்லேட் முனை?” என்று கேட்கிறார்கள். விதிப்படி கேட்கக் கூடாது. பெவர்லி தடுப்பதில்லை. முதல் வாரம் “நலம்” என்றேன். இப்போது எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எனக்குத் தெரிவது குறைவு. நல்லதோ கெட்டதோ, அப்படியே எழுதுங்கள்.

மேரன்


சால்மன்
அக்டோபர் 1

மேரனுக்கு,

கோபுரத்தைப் பூட்டிவிட்டு ஆறாம் தேதி இறங்குவாய் என்று பெவர்லி சொன்னாள். உன் சாமானை இறக்க நாளைக்கு மேலே ஏறும் டெல்பர்ட் கையில் இதைக் கொடுக்கிறேன். சாலை முடியும் இடத்துக்கு நான் வருகிறேன். பழைய வைக்கோல் வண்டியில்தான் வருவேன். அந்த வண்டி வீட்டில் நிற்க வேண்டும்.

ஆறு வாரமும் முடித்தாள். ஒரு நாள்கூட விடவில்லை. நேற்று ஸ்கேன் பார்த்தார்கள். வலி குறைந்திருக்கிறது, கட்டி குறையவில்லை. இனிமேல் சிகிச்சை கிடையாது என்றார் டாக்டர். பனிக்காலம் தாண்டுமா என்று கேட்டேன். தெரியாது என்றார். இதை நீ வந்த பிறகு நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று முதலில் நினைத்தேன். நீ கேட்டபடி எழுதிவிட்டேன்.

உன் அம்மா தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வண்டிக்குப் போகிறாள். களஞ்சியத்துக்கு முன்னால், மலையைப் பார்த்து நிறுத்தியிருக்கிறேன். இருக்கையைச் சாய்த்துக்கொள்கிறாள். குளிராக இருந்தால் இருக்கைச் சூட்டைப் போட்டுவிடுகிறேன். சில நாள் நானும் இந்தப் பக்கம் ஏறி உட்காருகிறேன். சில நாள் ட்வைலா உட்காருகிறாள். இன்று ஒன்றரை மணி நேரம் தூங்கினாள்.

டிரெய்லர் ட்வைலா வீட்டுப் பின்னால் நிற்கிறது. கொக்கியைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டேன்.

அப்பா